மூணரை நட்சத்திரம்

ஏ தாயி, ஒன் நோட்டை ஒனக்குத் தெரியாம எடுத்துப் படிச்சேன். மொகத்தைத் தூக்கி வச்சுக்கிடாத. எழுத்து பாதி தெரியல, ஆனா நட்சத்திரம் மட்டும் பளிச்சுனு தெரியுது. ஒரு பொஸ்தகத்துக்கு அஞ்சு, ஒண்ணுக்கு நாலு, இன்னொண்ணுக்கு மூணரை. அந்த அரையை எப்பிடி அளந்த? பால்ல அரைக்கால் படி கொறைஞ்சாக்கூட தெருவே கூடுற மாதிரி சண்டை போடுறவ ஒங்க ஆச்சி. அவளாலகூட நட்சத்திரத்தை அரையா ஒடிக்க முடியாது.

எழுத்தும் சும்மா சொல்லப்படாது. 'ஒரே மூச்சில் படித்து முடித்தேன்'னு அறுநூறு பக்க நாவலுக்கு எழுதியிருக்க. தூத்துக்குடியில சங்கு குளிக்கிறவன் கேட்டா தொழிலையே விட்டுருவான். 'மனதைப் பிசைகிறது'ன்னு நாலு எடத்துல இருக்கு. மனசா, பரோட்டா மாவா? அப்புறம் 'தமிழில் தவிர்க்கவே முடியாத நாவல்'னு ஒண்ணு. அந்த நாவலை அது வெளிவந்த காலத்துலருந்து நான் தவிர்த்துக்கிட்டுத்தான் வாரேன். ஒரு சங்கடமும் வரல, உடம்பும் நல்லாத்தான் இருக்கு.

இம்புட்டு தூரம் வந்துட்ட. இன்னும் கொஞ்சம் வித்தை பழகிக்கிட்டா பெரிய விமர்சகி ஆயிரலாம். மொத காரியமா, பொஸ்தகம் படிக்கிறதை விட்டுரு. பின்னட்டையும் முன்னுரையும் போதும். முழுசாப் படிச்சா வீணா ஒரு அபிப்பிராயம் வந்து தொலைக்கும். அப்புறம், எழுதுனவர் உசுரோட இருக்காரான்னு விசாரிச்சுக்க. போய்ச் சேந்துட்டாருன்னா தாராளமாக் கொறை சொல்லலாம். இருக்காருன்னா பாத்துச் சொல்லணும், நாளைக்கு ஒரு கல்யாண வீட்டுல பக்கத்து எலையில வந்து உக்காந்துருவாரு. ஒண்ணும் புரியாத எடத்துல மார்க்வெஸ் பேரைப் போட்டு வச்சிரு. எவனும் எதுத்துக் கேக்க மாட்டான், கேக்குறவனுக்கும் புரிஞ்சிருக்காது.

அந்தக் காலத்துல மதிப்புரைன்னா இப்பிடி மெத்து மெத்துன்னு இருக்காது தாயி. தப்பாப் பாட்டுக் கட்டுனா பிள்ளைப்பாண்டியன் தலையில குட்டுவானாம். வில்லிபுத்தூரார் துறட்டியைக் காதுல மாட்டி அறுத்துருவாராம். ஒட்டக்கூத்தர் தலையையே சீவிப்புடுவாராம். எல்லாம் கதைதான், ஆனா எழுதுறவனுக்கு ஒரு பயம் இருந்துச்சுல்ல? அந்த வில்லிபுத்தூரார் அருணகிரிநாதர்கிட்ட மாட்டுன கதையையும் கேட்டுக்க. அருணகிரி கந்தரந்தாதி பாடப் பாட, இவரு உடனுக்குடனே பொருள் சொல்லிக்கிட்டே வந்தாராம். 54வது பாட்டு பூராத் தகர எழுத்தாவே வந்து விழுந்துச்சு, மனுசன் முழிச்சிட்டாரு. காது போயிருக்கணும். அருணகிரி நல்லவரு, துறட்டியைக் கீழ போடச் சொல்லி விட்டுட்டாராம். நீ எல்லாருக்கும் நட்சத்திரம் போடுறியே, ஒன் 54வது பாட்டு எந்தப் பொஸ்தகத்துல படுத்திருக்கோ, யாரு கண்டா.

நன்னூல்னு ஒரு எலக்கண நூலு இருக்குல்ல? பவணந்தி முனிவர் எழுதுனது. பரீச்சைக்கு மனப்பாடம் பண்ணி பரீச்சையோடயே கக்கிட்டு வந்திருப்ப. அதுல நூலுக்குப் பத்துக் குத்தம் சொல்லியிருக்கு. அதுல ஒண்ணு 'சென்றுதேய்ந்திறுதல்'. தொடக்கம் அமர்க்களமா இருக்கும், போகப் போகத் தேஞ்சு கடைசியில ஒண்ணுமில்லாமப் போயிரும். நீ மூணரை போட்ட அந்தக் குடும்ப நாவலுக்கு என்ன நோவுன்னு தெரியாமத் தவிச்சியே, நோவு இதுதான். எண்ணூறு வருசத்துக்கு முந்தியே பேரு வச்சுட்டாங்க.

அதே நன்னூல் படிக்கிறவனையும் விடல. அன்னமும் பசுவும் ஒசத்தி, மண்ணும் கிளியும் நடுவாந்தரம், ஓட்டைக்குடம், ஆடு, எருமை, பன்னாடை எல்லாம் கடைசி. பன்னாடை நெய்யைக் கீழ விட்டுட்டு அழுக்கைப் பிடிச்சு வச்சுக்கிடும். அச்சுப்பிழையை மட்டும் எண்ணிக்கிட்டு அலையிறான் பாரு, அவன் அந்த வகை. ஆடு ஒரு செடியில நின்னு மேயாது, இங்க ஒரு வாய், அங்க ஒரு வாய். லீவு விட்டதுலருந்து நம்ம திண்ணையில ஏழெட்டு பொஸ்தகம் தலைகுப்புறக் கவுந்து கெடக்கே, அதைப் பாத்தா நீ யாருன்னு தெரியுது. ஆனா ஆட்டைக் கடைசியில தள்ளுனதுல பவணந்தியாரோட எனக்கு ஒப்பில்ல. ஒன் வயசுல மேயாம எப்ப மேய? எந்தச் செடி கசக்கும்னு ஆட்டுக்குத் தெரியிற மாதிரி அன்னத்துக்குத் தெரியுமா?

மேயிறதுக்கு எடத்தையும் சொல்லிருதேன். லைப்ரரியில கண்ணுக்கு நேரா இருக்குற தட்டைப் பாக்காத, அடித்தட்டைக் குனிஞ்சு பாரு. பொஸ்தகத்துக்குப் பின்னால ஒட்டியிருக்குற தேதித்தாள்ல கடைசி முத்திரை நீ பொறக்குறதுக்கு முந்தி விழுந்ததா இருந்தா உடனே எடு. அப்புறம் ஓரத்துல பென்சில் எழுத்து இருக்கான்னு தேடு. நம்ம ஊர் லைப்ரரியில ஒரு துப்பறியும் கதையில, மொத பக்கத்துலயே 'கொன்னது டாக்டர்தான்'னு ஒரு புண்ணியவான் எழுதி வச்சிருக்கான். அதுக்குக் கீழ வேற கையெழுத்துல 'நீ நாசமாப் போவ'ன்னு இருக்கு. இன்னொரு நாவல்ல கதாநாயகி கெணத்துல விழப் போற பக்கம். ஓரத்துல 'வேண்டாம்மா'ன்னு ஒத்தை வார்த்தை. யாரு எழுதுனதோ. நட்சத்திரம் இல்ல, கையெழுத்து இல்ல. பொஸ்தகம் அந்த ஆளை என்ன பாடு படுத்துச்சுன்னு அந்த ஒத்தை வார்த்தையில இருக்கு.

பரண்ல 'பொன்னியின் செல்வன்' பைண்டு கெடக்கு, பாத்திருக்கியா? 1950லருந்து 1954 வரைக்கும் கல்கியில வாராவாரம் வந்தப்ப ஒங்க ஆச்சியோட அம்மா கிழிச்சுச் சேத்துத் தச்சது. மணியம் போட்ட படம் இருக்கும், பின்பக்கத்துல சோப்பு வெளம்பரம் இருக்கும், நடுவுல சில வாரம் இருக்காது. இல்லாத வாரத்தை அந்தக் கெழவியே இட்டுக்கட்டிச் சொல்லுவா. அசல்ல என்ன இருக்குன்னு பின்னால படிச்சப்ப, கெழவி சொன்னதே தேவலைன்னு பட்டுச்சு. 1972ல சிவகாசிக்காரங்க முத்து காமிக்ஸ் போட்டாங்க. இரும்புக்கை மாயாவி கரண்டைத் தொட்டா ஆளு மறைஞ்சிருவான், கை மட்டும் அந்தரத்துல தெரியும். சில மதிப்புரையும் அப்பிடித்தான் இருக்கு. பொஸ்தகம் மறைஞ்சு போகுது, எழுதுனவன் கை மட்டும் ஆடுது.

கேலி போதும், ஒரு விசயத்துக்கு வாரேன். நம்ம இடைசெவல் அழகிரிசாமியோட 'அன்பளிப்பு' கதையைப் படிச்சல்ல? அந்தத் தொகுப்புக்கு 1970க்கான சாகித்ய அகாதமி பரிசு கெடைச்சுது, பரிசை வாங்க மனுசன் இல்ல. அதே ஊரு, அவரு சேக்காளி கி.ரா.வுக்கு 1991ல. பருத்தியும் கம்பும் வெளையிற ஊருல ரெண்டு அகாதமி வெளைஞ்சிருக்கு. அதை விடு. அந்தக் கதைக்கு நீ நோட்டுல எழுதுனது இது: 'சிறந்த சிறுகதை. குழந்தைகளின் உளவியலை அழகாகச் சித்தரிக்கிறது. நான்கு நட்சத்திரம்.'

அதே கதையை முந்தாநாள் சாயங்காலம் கடலை உடைச்சுக்கிட்டே ஆச்சிக்குச் சொன்னியே, நான் கயித்துக்கட்டில்ல தூங்குற மாதிரி கெடந்தேன். கதை சொல்லுறவரு மத்தப் பிள்ளைகளுக்கு அன்பளிப்பு குடுக்குறாரு, சாரங்கனுக்கு மட்டும் ஒண்ணுமில்ல. அந்தப் பய அவரைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டு உபசாரம் பண்ணி, கடைசியில தானே ஒரு டைரியை எடுத்து நீட்டி, 'சாரங்கனுக்கு அன்பளிப்பு'ன்னு எழுதித் தரச் சொல்றான். அந்த எடத்துல ஒன் கொரலு எறங்கிப் போச்சு. ஆச்சி கையில உடைச்ச கடலை அப்பிடியே நிக்குது. "அந்த மனுசனுக்குக் கண்ணு எங்க போச்சுடி? ஒரு பிள்ள வாடி நிக்கிறது தெரியலையா?"ன்னு அவ கேட்டா. நீ என்ன சொன்ன? "அவரு நல்லவரு ஆச்சி. நல்லவுகளுக்குத்தான் அது தெரியாமப் போயிருது."

ஏ புள்ள, அதை எங்க வச்சுட்டு வந்து உளவியலை எழுதுன? பேனாவைத் தொட்டதும் ஒனக்குள்ள ஒரு தாசில்தார் வந்து உக்காந்துருதாரு. அவரை எந்திரிக்கச் சொல்லு. நோட்டைக் கடலைச் சாக்குக்குப் பக்கத்துல வச்சுக்கிட்டு, ஆச்சி மூஞ்சியைப் பாத்து எழுது. அவ எந்த எடத்துல கையை நிறுத்துனா, எந்த எடத்துல கொட்டாவி விட்டான்னு சேத்து எழுது. நட்சத்திரம் வேணும்னா போட்டுக்க, வயசுப் பிள்ளைக்கு ஒரு அலங்காரம் வேண்டாமா.

க.நா.சு. தன் பொஸ்தகம் ஒண்ணுக்குப் பேரே 'படித்திருக்கிறீர்களா?'ன்னு வச்சாரு. அடுத்தவன் எழுதுனதைப் படிக்கச் சொல்லி அலையிறதுக்கு ஒரு பொஸ்தகம்! சி.சு.செல்லப்பா 1959ல 'எழுத்து'ன்னு பத்திரிகை ஆரம்பிச்சு, பொஸ்தகத்தைத் தானே சொமந்துக்கிட்டுப் போயி காலேஜ் காலேஜா வித்தாரு. ஒனக்குப் பிடிச்சதைச் சொமக்குற கிறுக்கு ஒனக்கும் இருக்கு. அது எனக்குத் தெரியும், ஒங்கப்பன்கிட்டதான் இன்னும் சொல்லல.

இன்னொரு சங்கதி. 'முடிவைச் சொல்லக் கூடாது'ன்னு நோட்டுல சிவப்பு மையில சட்டம் போட்டிருக்க. சட்டம் சரி. ஆனா நேத்து ஆச்சிக்கு ஒரு கொலைக் கதையைச் சொல்லிப் பாதியில நிறுத்திட்டு நீ பாட்டுக்குப் படுத்துட்ட. ராத்திரி பூரா ஆச்சி பொரண்டு பொரண்டு படுத்துக்கிட்டு, 'தம்பி பொண்டாட்டியா இருக்குமோ, கணக்குப்பிள்ளையா இருக்குமோ'ன்னு என்னை எழுப்பி எழுப்பிக் கேக்கா. அவகிட்டச் சொல்லாத. என் காதுல மட்டும் சொல்லிட்டுப் போ, நான் பந்தயம் கட்டி அவ சுருக்குப்பையில கொஞ்சம் காசு பாக்கணும்.