ஓடிக்கிட்டு இருக்கு

செயற்கை நுண்ணறிவில் முதுகலை படிப்பவர் இருக்கும் வீட்டில் ஏ.சி. ஓடும்போது மிக்ஸி போட முடியாது. ட்ரிப் ஆகிவிடும். ஃபேனைத் திருப்ப முடியாது. மழை வந்து கொடியில் கிடக்கும் துணி நனைந்தாலும் அவர் அறையிலிருந்து வருவது ஒரே பதில்தான்: "ஓடிக்கிட்டு இருக்கு. இன்னும் பத்து நிமிஷம்."

இருபத்திரண்டு வயதில் கல்லூரிக்குப் போய் இதே படிப்பைப் படிக்கிற பிள்ளைகளை நான் சொல்லவில்லை. அவர்கள் ஹாஸ்டலில் இருக்கிறார்கள், வீட்டில் யாருக்கும் தொந்தரவில்லை. நான் சொல்வது நாற்பத்து மூன்று வயதில், ஓ.எம்.ஆரில் பகல் முழுவதும் மீட்டிங்கில் உட்கார்ந்துவிட்டு, சனி ஞாயிறுகளில் ஆன்லைன் எம்.டெக். படிக்கிறாரே, அவரை. உங்கள் அடுக்குமாடியிலும் ஒருவர் இருப்பார். இல்லையென்றால் அது நீங்களாக இருக்கக்கூடும்.

முதல் செமஸ்டரில் இவர்கள் எல்லோரும் பூவில் ஆரம்பிப்பார்கள். ஐரிஸ் என்ற பூ. 1936இல் ரொனால்டு ஃபிஷர் என்ற புள்ளியியல் அறிஞர் வெளியிட்ட 150 பூக்களின் இதழ் அளவுகள் அவை. மூன்று வகை, வகைக்கு ஐம்பது. தொண்ணூறு வருடமாக உலகமே அந்த 150 பூக்களைப் பிரித்துப் பிரித்துப் பார்த்து முடித்துவிட்டது. இருந்தாலும் நம்மவர் பிரித்த இரவு வீட்டில் கேசரி செய்யச் சொன்னார். அடுத்தது டைட்டானிக் கப்பல். 891 பயணிகளின் வயது, பாலினம், டிக்கெட் வகுப்பு எல்லாவற்றையும் கொடுத்து, பிழைத்தது யார் என்று கணிக்க வேண்டும். ஒரு கல்யாணப் பந்தியில், பாயசம் வருவதற்குள் அதை எனக்கு விளக்கினார். முதல் வகுப்பில் போன பெண்கள் அதிகம் பிழைத்தார்களாம். எதிர் வரிசையில் இருந்த சித்தி, "இதைப் படத்துலயே காட்டிட்டானே" என்றாள். சித்தி மூன்று மணி நேரத்தில் படித்து முடித்ததற்கு இவர் செமஸ்டர் கட்டணம் கட்டியிருக்கிறார்.

இதெல்லாம் சில்லறை. உண்மையான உபத்திரவம் இரண்டாவது செமஸ்டரில், மாடலை ‘ட்ரெயின்’ பண்ண ஆரம்பிக்கும்போது வந்து சேர்கிறது.

பேட்டரி செத்துப்போன லேப்டாப் ஒன்று. அதை நான்கு எவர்சில்வர் டம்ளர்களின் மேல் தூக்கி வைத்திருப்பார், அடியில் காற்றோட்டம் வேண்டுமாம். டேபிள் ஃபேன் அதைப் பார்த்தே நிற்கும். மே மாதம் வேறு. எங்கள் குடும்பத்தில் நிறைமாதப் பிள்ளைத்தாச்சிகூட இந்தக் கவனிப்பைக் கண்டதில்லை. சுவிட்சின் மேல் ஒட்டிய காகிதத்தில் சிவப்பு ஸ்கெட்ச்சில் ‘தொடாதே’ என்று எழுதியிருக்கும். உள்ளே எட்டிப் பார்த்தால், அவர் எதுவுமே செய்துகொண்டிருக்க மாட்டார். அதுதான் விசேஷம். கையைக் கட்டிக்கொண்டு திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். எபோக் 12, எபோக் 13 என்று ஏறிக்கொண்டே போகும். வைத்திருக்கும் தரவு முழுவதையும் இயந்திரம் ஒரு தரம் படித்து முடித்தால் ஒரு எபோக். பக்கத்திலேயே ஒரு தசம எண், அது செய்கிற தப்பின் அளவு. தசமத்தில் மூன்றாவது இடம் ஒன்று குறைந்தால் அவருக்கு ஒரு பெருமூச்சு. ஒன்று கூடினால் சாப்பாடு இறங்காது.

கிரிக்கெட் ஸ்கோராவது ஒரு கட்டத்தில் முடிந்துவிடும்.

"நடுநடுவுல சேவ் பண்ணி வைக்கலாமே சித்தப்பா, செக்பாயின்ட்னு ஒண்ணு இருக்கே" என்றாள், பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் அவருடைய அண்ணன் மகள். அது அடுத்த செமஸ்டரில் வருகிறது என்றார். அன்று இரவு இரண்டு மணிக்கு மின்சாரம் போனது. போனதும் தெருவில் முதலில் கேட்டது அவருடைய குரல்தான்.

அதன் பிறகு ஜாகை இணையத்துக்கு மாறியது. அங்கே மாடலைப் பழக்க உதவும் ஜி.பி.யூ. சில்லை இலவசமாக இரவல் தருகிறார்கள். ஃபேன் அம்மாவிடம் திரும்பி வந்தது என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம். ஆனால் இரவலுக்கு ஒரு நிபந்தனை உண்டு. கொஞ்ச நேரம் யாரும் அந்தப் பக்கத்தைத் தொடவில்லை என்றால், "இருக்கிறீர்களா?" என்று ஒரு பெட்டி எட்டிப் பார்க்கும். ‘நான் ரோபோ அல்ல’ என்ற கட்டத்தில் டிக் போட வேண்டும். போடாவிட்டால் தொடர்பு அறுந்துவிடும், ராத்திரியெல்லாம் படித்தது வீண். வார நாட்களில் அவர் அலுவலகத்துக்குப் போயாக வேண்டும். வீட்டில் சும்மா இருப்பது யார்? எழுபது வயதைத் தாண்டிய அவருடைய அம்மா.

அம்பாசமுத்திரத்துக்காரி. மடிப்பாக்கத்துக்கு வந்தும் பேச்சு மாறவில்லை. அவளை லேப்டாப் முன்னால் ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, கையில் மவுஸைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். ஒரு நாள் அந்தப் பெட்டி வெறும் டிக்கோடு விடவில்லை. ஒன்பது படங்களைக் காட்டி, எவற்றில் தீயணைப்புக் குழாய் இருக்கிறது என்று கேட்டது. அம்மா போனைப் போட்டாள்.

"ஏல, செவப்பா குட்டையா ஒண்ணு ரோட்டோரமா நிக்கே, அது என்னதுலே?"

"அதுதாம்மா தீயணைப்புக் குழாய். அமெரிக்காவுல தெருவுக்குத் தெரு இருக்கும். அது இருக்கற படத்தையெல்லாம் தொடுங்க."

"அவன் ஊர்ல தீப்பிடிச்சா, அதுக்கு இங்கருந்து நான் எதுக்குலே தொட்டுக் காட்டணும்?"

கேள்வி நியாயமானது. இருந்தாலும் தொட்டாள். இப்போது அந்த ஊர்ப் பள்ளிக்கூட பஸ், சிக்னல் விளக்கு, பாதசாரிக் கோடு எல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஓர் இயந்திரத்துக்கு அறிவு வருவதற்காக, தான் இயந்திரமில்லை என்று இந்தக் கிழவி அவ்வப்போது சத்தியம் செய்துகொண்டிருக்கிறாள். மதியத் தூக்கம் போயிற்று. சீரியலும் போயிற்று.

‘இன்னும் பத்து நிமிஷம்’ என்பதற்கு வருவோம். இதை அவருடைய சொந்தக் குணம் என்றுதான் முதலில் நினைத்திருந்தேன். பிறகுதான் தெரிந்தது, இந்தத் துறையின் பரம்பரை வியாதி அது. 1956 கோடையில் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் இந்தத் துறைக்குப் பெயர் சூட்டு விழா நடந்தது. அதற்குப் பணம் கேட்டு ஜான் மெக்கார்த்தியும் கூட்டாளிகளும் அனுப்பிய விண்ணப்பத்தில், தேர்ந்தெடுத்த பத்துப் பேர் இரண்டு மாதம் உட்கார்ந்தால் கணிசமான முன்னேற்றம் காணலாம் என்று எழுதியிருந்தார்கள். இரண்டு மாதம்! அறுபது வருடம் கழித்து, 2016இல், ஜெஃப்ரி ஹின்டன் பேசினார். 2024இல் இயற்பியல் நோபலைப் பகிர்ந்துகொண்டாரே, அவரேதான். ரேடியாலஜிஸ்டுகளுக்குப் பயிற்சி கொடுப்பதை இப்போதே நிறுத்திவிடலாம், ஐந்து வருடத்தில், மிஞ்சினால் பத்தில், இயந்திரம் அவர்களைத் தாண்டிவிடும் என்றார். சமீபத்தில் அம்மாவின் முழங்காலுக்கு ஸ்கேன் எடுத்தோம். ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட வேண்டிய டாக்டர் வரும்வரை எடுபிடிகள் மாதிரி வெளியே உட்கார்ந்திருந்தோம். நம்மவர் அந்த வராந்தாவிலேயே, பக்கத்தில் இருந்த லேப் டெக்னீஷியன் பையனிடம் அவன் வேலைக்கு இன்னும் எத்தனை வருடம் என்று கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். பையனுக்கு வாங்கிய டீ ஆறிப்போனது.

ஆளுக்கு ஆள் வேலை போகும் தேதி சொல்வது, ‘அது ஏ.ஐ. இல்லை, மெஷின் லேர்னிங்’ என்று அடுத்தவரைத் திருத்துவது, ட்யூரிங் விருது பெற்ற ராஜ் ரெட்டி படித்தது நம் கிண்டி பொறியியல் கல்லூரியில்தான் என்று கிண்டியைத் தாண்டும்போதெல்லாம் சொல்வது (உண்மைதான், ஆனால் நாங்கள் வாரம் இரண்டு தரம் கிண்டியைத் தாண்டுகிறோம்), இவற்றையெல்லாம் விட்டுவிடுகிறேன். ஒன்றை மட்டும் விட முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ‘ஓவர்ஃபிட்டிங்’ என்றால் என்ன என்று என்னை உட்கார வைத்து விளக்கினார். கொடுத்த கேள்விகளை மாடல் அப்படியே மனப்பாடம் செய்துவிடுமாம். அதையே திருப்பிக் கேட்டால் நூற்றுக்கு நூறு. புதிதாக ஒன்று கேட்டால் முழிக்கும். அது படிப்பே இல்லை, தம்பி, ஏமாற்று என்றார். அப்போது அவர் மடியில் கிடந்தது ஐந்து வருடப் பழைய வினாத்தாள்கள். மறுநாள் பரீட்சை. விடைகளை உரு அடித்துக்கொண்டிருந்தார்.

இந்த வகையினரின் மனைவிமார் பொதுவாக... சரி, மறைப்பானேன், என் அக்கா. மேல்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். இந்த நியூரல் நெட்வொர்க் சமாச்சாரம் முழுவதற்கும் அச்சாணி, பதினோராம் வகுப்பிலேயே வந்துவிடும் சங்கிலி விதி. கடைசியில் வந்த தப்புக்கு நடுவில் இருக்கும் ஒவ்வொருவருடைய பங்கும் எவ்வளவு என்று பின்னோக்கிக் கணக்குப் போட்டு, அவரவரைக் கொஞ்சம் திருத்துவது. அத்தானுக்கு அது மறந்து இருபது வருடமாகிறது. நாலு மணிக்கு எழுந்து சமைத்து, பள்ளிக்கூடம் போய், நாற்பது பிள்ளைகளுக்கு அதையே சொல்லிக்கொடுத்துவிட்டு வந்து, இரவு பத்து மணிக்குப் பால் கணக்கு நோட்டின் பின் அட்டையில் இவருக்கும் சொல்லிக்கொடுக்கிறாள். சனி ஞாயிறு அவளுக்கு விடுமுறை இல்லை, ஏனென்றால் இவருக்கு வகுப்பு. மகனை நீச்சலுக்குக் கூட்டிப்போவது அவள், மாமியாரின் முட்டிக்கு எண்ணெய் வாங்குவது அவள், கேஸ் புக் பண்ணுவது அவள். படிப்புக்கு எடுத்த கடனுக்கு மாதாமாதம் போவது பாதி அவள் சம்பளம். அத்தானுக்கு வந்த ‘ஏ’ கிரேடில் பாதிக்கு மேல் அவளுடையது. சான்றிதழில் ஒரு பெயர்தான் அச்சாகும். இதில் நகைச்சுவை எதுவும் எனக்குத் தெரியவில்லை.

அக்காவிடம் இதைச் சொன்னால் அவள் கோபப்படுகிறாள், என்மேல். "உனக்கு என்ன தெரியும், அவர் டீம்ல எத்தனை பேர் போயிட்டாங்க தெரியுமா?" என்கிறாள். தெரியும். அவரைவிடப் பன்னிரண்டு வயது சின்ன மேனேஜர், போன அப்ரைசலில் ‘உங்களைப் புதுப்பிச்சுக்கணும்’ என்று சொன்னதும் தெரியும். முதல் பரீட்சைக்கு என் பைக்கில்தான் கூட்டிப்போனேன். நெற்றியில் அம்மா பூசிய திருநீறு, சட்டைப் பையில் மூன்று பேனா, லேமினேட் செய்த ஹால் டிக்கெட். மீசையில் நரை ஓடிய மனிதர் பின்னால் உட்கார்ந்துகொண்டு, சிக்னலுக்குச் சிக்னல், "கால்குலேட்டர் விடுவாங்களா தம்பி?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். விடுவார்கள் அத்தான் என்றேன். எனக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை. எனக்கும் தெரியாது.

கடைசி செமஸ்டரில் ஆய்வு. தலைப்பு, தமிழ்க் கையெழுத்தை இயந்திரம் படிப்பது. அமெரிக்காவில் பயிற்சிக்கு மட்டும் 60,000 எண்களைக் கொண்ட ஒரு பிரபலமான தொகுப்பு இருக்கிறது, எம்னிஸ்ட் என்று பெயர். அங்குள்ள மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலக ஊழியர்களும் உயர்நிலைப் பள்ளி மாணவர்களும் எழுதிய கையெழுத்துகளிலிருந்து எடுத்தது. நம்மவர் அதே வழியில் அசோசியேஷன் செயலாளர், வாட்ச்மேன், மாடிக்கு ட்யூஷன் வரும் பிள்ளைகள் என்று எல்லோரிடமும் கட்டம் போட்ட தாளைக் கொடுத்து, 247 எழுத்துகளையும் எழுதச் சொன்னார். இரண்டாம் மாடித் தமிழாசிரியர், ஓய்வு பெற்றவர், தன் தாளை எழுதியதோடு மற்றவர்களுடைய தாள்களையும் வாங்கி, சிவப்பு மையில் திருத்தி, மதிப்பெண் போட்டுக் கொடுத்துவிட்டார். அந்தக் கட்டு முழுவதும் பாழ். ‘கா’ என்பது ‘க’வும் ஒரு காலும்தானே, அதனால் 156 தனி வடிவங்கள் இருந்தாலே 247 எழுத்துக்கும் போதும். 2006இல் நடந்த ஒரு போட்டிக்கு அப்படித்தான் தரவு தொகுத்திருந்தார்கள். எல்லோரும் எழுதி முடித்த வாரம் அத்தான் அதைப் படித்தார். வாட்ச்மேனிடம் இதை யாரும் சொல்லவில்லை.

ஒருவழியாக மாடல் தேறியது. 94 சதவீதம் சரி என்றார். வீட்டிலேயே சோதித்துக் காட்டுவதாகச் சொல்லி, அக்கா எழுதிய மளிகைப் பட்டியலைப் போட்டோ எடுத்து, இயந்திரம் படித்துச் சொன்னதை அப்படியே அண்ணாச்சி கடையில் வாங்கி வந்தார். எழுத்தெல்லாம் சரியாகத்தான் படித்திருந்தது. எண்களை மட்டும் அந்த அமெரிக்கத் தொகுப்பிலேயே பழக்கியிருந்தார். அவர்களில் பெரும்பாலோருக்கு ஒன்று என்றால் வெறும் ஒரு கோடு. நம் பள்ளிக்கூடத்தில் தலையில் ஒரு சாய்வு வைத்து எழுதுவோம். அக்கா டீச்சர், நன்றாகவே வைப்பாள். ரவை ஒரு கிலோ என்று எழுதியிருந்தாள். அத்தான் ஏழு கிலோவோடு வந்து நின்றார்.

"94 சதவீதம் சரி. ஆறு சதவீதம்தான் தப்பு" என்றார்.

"அந்த ஆறும் கிலோவா வந்து நிக்குது. அண்ணாச்சி கடை சாத்தறதுக்குள்ள திருப்பிக் குடுத்துட்டு வாங்க."

அவர் போகவில்லை. அறைக்குள் போய்ப் புதிதாக ஒரு கட்டம் போட்ட தாளை எடுத்து வந்து அவள் முன்னால் வைத்தார். "ஒண்ணு மட்டும் ஒரு நூறு எழுதிக் குடு. உன் கையெழுத்துக்குப் பழக்கிடறேன்."