தண்ணியில இறங்கினா காலை மடக்கு

வாடா பேராண்டி, இப்படித் திண்ணையில உக்காரு. நேத்து ராத்திரி போன்ல ஒரு ப்ளேன் காட்டினியே, தண்ணியிலயும் இறங்கும், தரையிலயும் இறங்கும்னு. அதை உன் பாட்டிகிட்ட சொன்னேன். "எவ்வளவாம்?"னா. மூணு கோடிக்கு மேலன்னேன். கீரையை ஆய்ஞ்சுகினே கேட்டா பாரு ஒரு கேள்வி: "எத்தினி லிட்டர் கறக்குமாம்?"

அவ கெடக்குறா. நான் தடுக்குற ஆளு இல்ல. நீ சம்பாதிக்கிற, நீ வாங்கு. அறுபது வருசம் குழித்தறியில காலை விட்டுக்கினு, தரைக்கு ரெண்டடி கீழ உக்காந்து பொழச்சவன் நான். நீ தரைக்கு ரெண்டாயிரம் அடி மேல உக்காரப் போறங்கிற. நடுவுல உங்கப்பன் ஒருத்தன்தான் தரை மட்டத்துல நின்னான், பாவம், பேங்க் கவுன்டருக்குப் பின்னாடி.

அதும் பேரு இன்னா சொன்ன? ஐகான் ஏ5. 2006ல ஆரம்பிச்ச கம்பெனி, கலிபோர்னியாவுல நீ இருக்கிற பக்கமே வாக்கவில்னு ஒரு ஊரு. ரெண்டே சீட்டு. அடிவயிறு படகு மாதிரி, சக்கரம் உள்ள மடங்கிக்கும். றெக்கையையும் மடக்கி, டிரெய்லர்ல ஏத்தி, காருக்குப் பின்னாடி கன்னுக்குட்டி மாதிரி இழுத்துக்கினு போலாம். நூறு குதிரை சக்தி இஞ்சின், பங்க்ல அடிக்கிற நல்ல பெட்ரோலே போதும். ஆபத்துன்னா மொத்த ப்ளேனையும் தாங்கி இறக்க ஒரு பாராசூட்டு. எல்லாம் சரி. விலைக்கதையை மட்டும் நீ மென்னு முழுங்கினியே, அதை உன் தங்கச்சிகிட்ட கேட்டுத் தெரிஞ்சுகினேன். மொதல்ல 1,39,000 டாலர்னு ஆசை காட்டினான். 2017ல முழு சாமானோட 3,89,000 டாலர்னான். ஆரணி மார்க்கெட்டுல பட்டு நூலு விலை ஏறுதுன்னு வாயிலயும் வயித்துலயும் அடிச்சுகினோமே, அதெல்லாம் இதுக்கு முன்னாடி ஒரு ஏத்தமா?

அந்தக் கம்பெனியே 2024 ஏப்ரல்ல திவால் மனு போட்டு, அப்புறம் கை மாறிப்போச்சு. நான் ஒண்ணும் சொல்லல. தறி வாங்கப் போனா, அச்சு கட்டுறவன் உசுரோட இருக்கானா, அவன் புள்ளைக்கு அந்த வேலை தெரியுமான்னு விசாரிச்சுட்டுத்தான் முன்பணம் குடுப்போம். அவ்வளவுதான்.

"நம்ம நாட்டுலயும் சின்ன ப்ளேன்ல பறந்தவங்க இருக்காங்க தாத்தா"ன்னியே, வாஸ்தவம். ரேமண்ட் கம்பெனி விஜய்பத் சிங்கானியா 1988ல ஒரு துக்குளியூண்டு மைக்ரோலைட்ல லண்டன்லேந்து அகமதாபாத்துக்கு 23 நாள்ல வந்து சேந்தாரு. அவரும் ஜவுளிக்காரரு, நானும் ஜவுளிக்காரன். ஆனா அவரு மில்லு வச்ச ஜவுளி, நான் தறி வச்ச ஜவுளி. பறக்குறது மில்லு ஜாதிக்குத்தான் ஒத்து வரும்னு நெனச்சுகினு இருந்தேன். தறிக்காரன் பேரனுக்கும் றெக்கை மொளைக்குதுன்னா எனக்குப் பெருமை இல்லாம இருக்குமா?

சரி, ரிடையர் ஆயி ஊருக்கே கொண்டாந்துடுவேன்ன. எங்க இறக்குவ? "செய்யாத்துல"ன்னு பட்டுனு சொல்லிட்ட. யோசிச்சுப் பாத்தா அந்த ப்ளேனையே செய்யாத்தைப் பாத்துத்தான் செஞ்சிருப்பான்னு தோணுது. வருசத்துல முக்காவாசி நாளு மணலு, மிச்ச நாளு வெள்ளம். தரையா தண்ணியான்னு ஆத்துக்கே சந்தேகம். ஆனா மணல்ல சக்கரம் பொதைஞ்சா மாட்டு வண்டி கட்டித்தான் இழுக்கணும். ராத்திரியில ஆத்துக்குள்ள மாட்டு வண்டி இறங்கினா போலீஸ்காரன் இன்னா நெனப்பான்? "மணல் எடுக்கல சார், ப்ளேன் எடுக்குறோம்"னு நீயே போய் சொல்லு.

ரதசப்தமிக்கு அண்ணாமலையாரே திருவண்ணாமலையிலேந்து நம்ம செய்யாத்துக்குத் தீர்த்தவாரிக்கு வராரு. வழியெல்லாம் மண்டகப்படி வாங்கிகினு, நின்னு நின்னு, நிதானமா வராரு. அவருக்கு இல்லாத அவசரம் உனக்கு.

மிருகண்டா அணை? அது தண்ணி நின்னாத்தான் அணை. அப்ப மிச்சம் சாத்தனூரு. 1958ல கட்டினது, 119 அடி. தாராளமா இறங்கலாம். இறங்கி? அங்க முதலைப் பண்ணை கீது. சின்ன வயசுல உன்னைக் கூட்டிப் போனப்ப கம்பிக்கு இந்தாண்ட நின்னு அழுதியே, ஞாபகம் இருக்குதா?

சிரிக்காத, முதலைக் கதை நெசம். குஜராத்துல பட்டேல் சிலைகிட்ட தண்ணியில ப்ளேன் இறக்கணும்னு 2019ல அங்க இருந்த முதலைங்களைக் கூண்டு வச்சுப் புடிச்சு வண்டியில ஏத்தி வேற எடத்துக்கு அனுப்பினாங்க. 2020 அக்டோபர் 31ஆந் தேதி பிரதமரே ஏறிப் போய் ஆரம்பிச்சு வச்சாரு. அந்தச் சிலை இருக்கிற கேவடியாவுலேந்து அகமதாபாத் சபர்மதி ஆறு வரைக்கும். ப்ளேன் மாலத்தீவுலேந்து வந்தது. ஒரு மாசத்துல சர்வீசுக்குன்னு மாலத்தீவுக்கே திரும்பிப் போச்சு, மறுபடி வந்துச்சு, 2021 ஏப்ரலோட நின்னுபோச்சு. ஒரு நாட்டு அரசாங்கம், ஒரு விமானக் கம்பெனி, ரெண்டும் சேந்து அஞ்சாறு மாசம் ஓட்டினதை நீ ஒண்டியா ஓட்டப் போற. ஓட்டு. முதலைங்களுக்குத்தான் யாரு சொல்லி அனுப்புறதுன்னு தெரியல.

கேரளாவுல இன்னொரு வேடிக்கை. 2013 ஜூன்ல கொல்லத்துல முதலமைச்சர் கொடியசைச்சு ப்ளேன் கெளம்பிடுச்சு. ஆலப்புழாவுல இறங்கணும். அங்க மீன் புடிக்கிறவங்க எங்க பொழப்பு போயிடும்னு படகோட வந்து மறிச்சுட்டாங்க. இறங்க முடியல. அவங்க கேட்டது தப்பா? தண்ணி சும்மா கெடக்குதுன்னு மேலேந்து பாக்குறவனுக்குத்தான் தோணும். நம்ம ஏரியையே எடுத்துக்கோ. மீன் குத்தகை எடுத்தவன் ஒருத்தன், எருமை குளிப்பாட்டுறவன் ஒருத்தன், மதகுல தண்ணி விடுறதுக்கு மொறை வச்சுகினு சண்டை போடுற ஆயக்கட்டுக்காரன் நூறு பேரு. நடுவுல நீ வந்து 'சொய்ய்'னு இறங்கினா, குத்தகைக்காரன் கணக்குப் போட மாட்டான்? "உன் ப்ளேன் சத்தத்துல கெளுத்தி எல்லாம் மடைக்கு ஓடிப்போச்சு, எடு ரெண்டு லட்சம்"பான்.

எங்க பெரியப்பா மட்டும் ஏரியில ப்ளேன் நின்னதைப் பாத்திருக்காரு. ரெண்டாம் உலகச் சண்டைக் காலத்துல புடவைக் கட்டை எடுத்துகினு மெட்ராஸ் போனவரு. செங்குன்றம் ஏரியில வெள்ளைக்காரன் கேட்டலினான்னு பறக்கும் படகுங்களை வச்சிருந்தான், வங்காள விரிகுடாவுல எதிரிக் கப்பலைத் தேடப் போறதுக்கு. பெரியப்பா திரும்பி வந்து "வாத்து மாதிரி நீஞ்சுதுடா, அப்புறம் கொக்கு மாதிரி எழும்புச்சு"ன்னாரு. ஊரே நம்பல. சாகுற வரைக்கும் அவரைப் 'ப்ளேன்காரரு'ன்னுதான் கூப்பிட்டாங்க. உனக்கு இப்பவே அந்தப் பேரு ரெடியா கீது.

இப்ப காரியத்துக்கு வரேன். கிண்டல் போதும்.

இந்த ரெட்டைச் சாமான்ல ஒரே ஒரு சூட்சுமம்தான்: தண்ணியில இறங்கினா காலை மடக்கு, தரையில இறங்கினா காலை நீட்டு. தரையில காலை நீட்ட மறந்தா வயித்தைத் தேச்சுகினு நிக்கும், சிலாம்பு பேந்துடும், செலவோட போச்சு. தண்ணியில காலை மடக்க மறந்தா, சக்கரம் தண்ணியைத் தட்டி, ப்ளேன் குப்புறக் கவுந்துடும். தலைகீழா, தண்ணிக்குள்ள, பெல்ட்டு மாட்டிகினு தொங்குவ. ரன்வேயிலேந்து கெளம்பி சக்கரத்தை மடக்காமயே ஏரிக்குப் போயிடுறவன்தான் அதிகம் மாட்டுறானாம். எத்தினி தடவை ஓட்டினவனும் மாட்டுறான், ஏன்னா பழகின கைதான் மறக்கும். தறியிலயும் அப்படித்தான். புதுப் பையன் நூலு அறுந்தா ஒடனே பாப்பான். முப்பது வருசம் நெஞ்சவன்தான் பேசிகினே ஒரு முழம் ஓட்டிட்டு, அப்புறம் தலையில கை வைப்பான். அதனால இறங்குறதுக்கு முன்னாடி வாய் விட்டுச் சொல்லு: "இது தண்ணி, கால் உள்ள கீது." பக்கத்துல இருக்கிறவன் சிரிச்சா சிரிக்கட்டும்.

இன்னொண்ணு. அலை இல்லாம தகடு மாதிரி நிக்கிற தண்ணியைப் பாத்து மயங்காத. கண்ணாடி மாதிரி தண்ணின்னா மேலேந்து ஒசரம் தெரியாது. அம்பது அடியா அஞ்சு அடியான்னு கண்ணு ஏமாத்தும். கரையோரமா, மரம் புல்லு கண்ணுல படுற மாதிரி, மெதுவா எறங்கணும். கெளம்புறதுக்கு முன்னாடி அடியில தண்ணி வடிக்கிற தக்கையெல்லாம் இறுக்கிக் கீதான்னு தடவிப் பாரு. கடல்ல இறங்கினா நல்ல தண்ணி ஊத்திக் கழுவு, இல்லாட்டி உப்பு தின்னுடும். மாட்டைக் கழுவச் சொன்னா கெணத்துப் பக்கம் ஒளிஞ்சுப்பியே, அந்தப் புத்தி அங்க செல்லாது.

தாழப் பறக்காதடா. இதை மட்டும் நான் சிரிச்சுகினு சொல்லல. அந்த ப்ளேனை உருவாக்கினதுல முக்கியமான என்ஜினியரு ஜான் கார்கவ், 2017 மே மாசம் உங்க ஊருப் பக்கத்து பெர்ரியெசா ஏரியில அதே ப்ளேன்ல தாழ்வாப் போயி, குறுகின மலையிடுக்குல பூந்து, திரும்ப எடம் இல்லாம மோதிப் போனாரு. கூட இருந்தவரும் போனாரு. அதே வருசம் நவம்பர் 7ஆந் தேதி பேஸ்பால் ஆட்டக்காரரு ராய் ஹாலடே புளோரிடா கடல்ல விழுந்தாரு. ஆசை ஆசையா வாங்கி ஒரு மாசம்கூட ஆவல. தண்ணிக்குக் கிட்டத்துல ஏறி இறங்கி விளையாடியிருக்காரு. செஞ்சவருக்கும் சலுகை இல்ல, வாங்கினவருக்கும் சலுகை இல்ல. மேல போ. மேல எடம் நெறைய கீது, அதுக்கு குத்தகையும் இல்ல.

அமெரிக்காவுல கொறைஞ்சது 20 மணி நேரம் பறந்து கத்துகினா இந்த ஸ்போர்ட் ப்ளேன் லைசென்சு தரானாம். இங்க சொந்தமா ஓட்டுற லைசென்சுக்கு 40 மணி நேரம். எனக்குப் புடவைக் கரை நேரா விழறதுக்கே ரெண்டு வருசம் ஆச்சு. நீ கெட்டிக்காரன், 20க்கு 60 வச்சுக்கோ.

கடைசியா எடை. இதுல எனக்குப் பாடம் எடுக்காத. பாவு வாங்கும்போது எடை, ஊடை வாங்கும்போது எடை, சரிகை எடை, புடவையைக் கொண்டுபோய்ப் போட்டா மறுபடி எடை. ரெண்டு கிராம் ஒதைச்சா கூலியில புடிப்பான். உன் ப்ளேன்காரனுக்கும் எடைத் தகராறுதான். தண்ணியில இறங்குற ஸ்போர்ட் ப்ளேன் 650 கிலோவுக்கு மேல போகக் கூடாதுன்னு அப்ப அங்க சட்டம் இருந்துச்சு. சுழண்டு விழாத மாதிரி றெக்கையைச் செஞ்சதால எடை கூடிப்போச்சு, விலக்கு குடுங்கன்னு மனு போட்டு, 2013ல அரசாங்கமும் குடுத்துச்சு. எங்களுக்கு எந்த முதலாளி விலக்கு குடுத்தான்?

மொத்தம் ஏறக்கூடியது 685 கிலோ. வெறும் ப்ளேன் 490. மிச்சம் 195. டேங்க் ரொம்பினா 75 லிட்டர் பெட்ரோலு, அது ஒரு 54 கிலோ. ஆக ரெண்டு ஆளுக்கு 141 கிலோதான். நீ 92ன்னு உங்கம்மா சொன்னா. உன் பொண்டாட்டி எடையை நான் கேக்கல, கேக்குறதும் மொறையில்ல. ஆனா அந்தப் பொண்ணு உயரம் பாத்தா கால் டேங்கை இறக்கி வச்சாத்தான் ஏற முடியும் போலத் தெரியுது.

அதனால இன்னைக்குக் காலையில ரேஷன் கடைக்குப் போனப்ப, சக்கரை நிறுக்குற மேடையில அப்படியே ஏறி நின்னேன். கடைக்காரப் பையன், "இன்னா பெரியவரே, உங்களைக் கார்டுல போடணுமா?"ன்னான். வேட்டி சட்டையோட 52 கிலோ. உன் 92ஐயும் கூட்டினா மூணு கிலோ ஒதைக்குது. பெட்ரோலை அஞ்சு லிட்டர் கொறைச்சு ஊத்து. செருப்பை நான் கரையிலயே விட்டுட்டு வரேன்.