ஆட்சேபனை இல்லை, ஆனால்…

கண்டியில் கறுப்புக் கோட் போட்டவர்கள் இரண்டு வகை. முதல் வகையினர் கட்சிக்காரரைத் தேடிப் போவார்கள். இரண்டாம் வகையினரைக் கட்சிக்காரரே தேடி வருவார், அதுவும் காரியம் கெட்ட பிறகு. சபைகளிலும் திணைக்களங்களிலும் மாதச் சம்பளத்துக்கு இருக்கிற சட்ட உத்தியோகத்தர்கள் இந்த இரண்டாம் வகை. ஒருவரைப் பார்த்தால் எல்லாரையும் பார்த்த மாதிரிதான். ஆகவே ஒருவரையே பிடித்து உட்கார வைப்போம். எந்தச் சபை என்று கேட்க வேண்டாம். கேட்டால் அதற்கும் அவரிடமே அபிப்பிராயம் வாங்க வேண்டி வரும்.

கோட் பைக்குள் மூன்று பேனைகள் இருக்கும். நீலம் கையெழுத்துக்கு, கறுப்பு நீதிமன்றத்துக்கு, சிவப்பு அடுத்தவர் எழுதியதற்கு. மாதத்தில் முதலில் தீர்வது சிவப்புத்தான்.

கானுக்கு மேலே எவனோ கடை கட்டிவிட்டான் என்று நீங்களும் நானும் சொல்வோம். அவர் சொல்வது வேறு: “1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க, திருத்தப்பட்டவாறான, நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின் 28அ பிரிவு.” அந்தத் ‘திருத்தப்பட்டவாறான’ இல்லாமல் அவருக்கு வசனம் முடியாது. ஒருநாள் முடி வெட்டிக்கொண்டு கந்தோருக்கு வந்தார். “சேர் இன்றைக்குத் திருத்தப்பட்டவாறு வந்திருக்கிறார்” என்று பக்கத்து மேசை முகாமைத்துவ உதவியாளர் சொன்னது மதியத்துக்குள் சபை முழுக்கப் பரவிவிட்டது. வீட்டிலும் இதே கதைதான். மகன் 1999ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கம், மகள் 2003ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கம். மனைவிக்கு மட்டும் இலக்கம் போடவில்லை. போட்டால் அது வேறு வழக்கு.

சபை அவரிடம் கேட்பது ஆமா, இல்லையா என்ற ஒரே சொல்லை. அவர் தருவது இரண்டரைப் பக்கம். கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: “மேற்கூறியவற்றுக்கு அமைய, சட்டரீதியாக ஆட்சேபனை இல்லை, ஆனால், உரிய நடைமுறை பின்பற்றப்பட்டிருத்தல் வேண்டும்.” பெரிய சேர் ‘ஆனால்’ வரைக்கும் படித்துவிட்டுக் கோவையை மூடிவிடுவார். நீதிமன்றம் ‘ஆனால்’ என்ற இடத்திலிருந்து படிக்கத் தொடங்கும். இரண்டுக்கும் நடுவில் ஓடுவதுதான் இவருடைய உத்தியோகம்.

ஒருநாள் காலை பதினொரு மணிக்குத் தொலைபேசி அடித்தது. எடுத்தால் தொழில்நுட்ப உத்தியோகத்தர்.

“சேர், அந்தக் கான் மேலே கட்டின கடை இருக்கே, அதை இடிக்கலாமா?”

“அறிவித்தல் கொடுத்தாச்சா?”

“இல்லை சேர்.”

“நீதவான் நீதிமன்றத்தில உத்தரவு எடுத்தாச்சா?”

“இல்லை சேர்.”

“அப்போ இடிக்க முடியாது.”

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பின்னால் எதுவோ உறுமிக்கொண்டிருந்தது.

“அது என்ன சத்தம்?”

“பெக்கோ சேர். பாதிதான் இடிச்சிருக்கு. மிச்சத்தை நிறுத்தவா?”

முதலில் எழுத்தில் அறிவித்தல், கேட்காவிட்டால் நீதவானிடம் விண்ணப்பம், அவர் உத்தரவு தந்த பிறகே இடிப்பு என்று சட்டம் ஒழுங்காக வரிசை போட்டு வைத்திருக்கிறது. பெக்கோ அந்த வரிசையைப் பின்பக்கமிருந்து படிக்கும். முழுக் கடைக்குச் சட்டம் இருக்கிறது, கடையே இல்லாத வெறும் நிலத்துக்கும் இருக்கிறது. பாதிக் கடைக்கு எந்தப் பிரிவு என்று அவர் அன்று இரவு பன்னிரண்டு மணி வரை தேடினார்.

கடைக்காரர் தேடிக்கொண்டிருக்கவில்லை. எழுத்தாணை கேட்டு மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போய்விட்டார். மனுவின் பிரதி வந்ததும் கந்தோரே நிசப்தமானது. பெரிய சேர் 1ஆம் எதிர்மனுதாரர். தொழில்நுட்ப உத்தியோகத்தர் 3ஆம் எதிர்மனுதாரர், முழுப் பெயரோடு. மனிதர் அன்று மாலையே நாத தேவாலயத்தில் பூத்தட்டு வைத்தார். அது போதாதோ என்று கட்டுக்கலைப் பிள்ளையாருக்கும் தேங்காய் உடைத்தார். இரண்டு தெய்வங்களிடமும் அவர் வைத்த வேண்டுதல் ஒன்றே: “இடிக்கச் சொன்னது நானில்லை.”

இனிக் கொழும்புப் பயணம். கண்டிக்கு 1867இல் ரயில் வந்தது கோப்பிக்காக என்று சரித்திரம் சொல்லும். இவருக்கோ அது தவணைக்குப் போவதற்காகவே போட்ட பாதை. கையில் இருப்பது இலவசப் பயணச் சீட்டுக்கான அரசாங்க வாரண்ட். வாரண்ட் கிடைத்தால் வீட்டில் எல்லாரும் சந்தோஷப்படுகிற சட்டத்தரணி நாட்டிலேயே இந்த இனம் மட்டும்தான். புதுக்கடையில் இறங்கினால் எதிர்த்தரப்புக்கு வந்திருப்பவர் சட்டக் கல்லூரியில் இவருடைய குறிப்புக் கொப்பியைப் பார்த்து எழுதிச் சித்தியடைந்தவர். இன்று ஜனாதிபதி சட்டத்தரணி. “மச்சான், நீ நிம்மதியான வேலையில இருக்கிறாய்” என்று தோளில் தட்டுவார். அவருடைய கட்சிக்காரர் சொல் கேட்காவிட்டால் அவர் கோவையைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். இவர் யாரிடம் கொடுப்பது? கோவையில் இருப்பதே சபையின் முத்திரை.

கந்தோரில் அவர் செய்யும் உண்மையான சேவை மதியச் சாப்பாட்டு மேசையில் நடக்கிறது. கண்டிக் கந்தோரின் சாப்பாட்டு மேசை லேசுப்பட்டதல்ல. நாட்டிலுள்ள அத்தனை சட்டமும் அங்கே பார்சலைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். சோலைவரிப் பகுதிப் பெண் கண்டியச் சட்டக்காரி. நீதிமன்றப் படி ஏறாமல் மாவட்டப் பதிவாளரிடமே மணமுறிவு பெறலாமாமே என்பார். பெறலாம், 1952ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டம் என்று சோற்றைப் பிசைந்தபடியே பதில் வரும். பக்கத்தில் இருப்பவர் ‘பின்ன’ முறையில் கல்யாணம் செய்து மாமியார் வீட்டோடு இருப்பவர். அவருடைய கேள்விக்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது, மாமியாரிடம் இல்லை. கணக்காளர் காதி நீதிமன்றம் பற்றிக் கேட்பார். யாழ்ப்பாணத்து அக்காவுக்குத் தேசவழமை. தன் பெயரிலுள்ள காணியை விற்க ஏன் கணவருடைய சம்மதம் வேண்டும் என்று வாரம் ஒருமுறை கேட்பார், வாரம் ஒருமுறை கோபித்துக்கொள்வார். மீதிப் பேருக்கு உரோம-டச்சுச் சட்டம். எல்லாருடைய முதல் வசனமும் ஒன்றே: “எனக்கில்லை சேர், எனக்குத் தெரிந்த ஒருவருக்கு.” இவருடைய பருப்புக்கறி தினமும் ஆறிப்போகும்.

தமிழன் என்பதால் ஒரு மேலதிக இலாகாவும் உண்டு. தமிழ் அரச கரும மொழியாகி 1987இலிருந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. ஆனாலும் சபைக்குத் தமிழில் ஒரு கடிதம் வந்தால் அது நேரே சட்டப் பிரிவுக்கு வந்துவிடும். மஹியாவையிலிருந்து ஒரு பாட்டி, வீட்டு முன் விளக்கு மூன்று மாதமாக எரியவில்லை என்று எழுதியிருப்பார். ஓரத்தில் சிங்களத்தில் குறிப்பு இருக்கும்: “சட்ட அபிப்பிராயத்துக்கு.” இவர் அதைச் சிங்களத்தில் பெயர்த்து, மின் பகுதிக்கு அனுப்பி, பாட்டிக்குத் தமிழில் பதிலும் எழுதுவார். ஒருநாள் பாட்டியே வந்து, “அப்புக்காத்து ஐயா, லைட்டு எரியுது” என்று கும்பிட்டார். 1973ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க நீதி நிர்வாகச் சட்டத்தோடு அப்புக்காத்து, பிறக்கிராசி என்ற பாகுபாடெல்லாம் போய்விட்டது என்று இவருக்கு நன்றாகத் தெரியும். வேறு யாராவது சொல்லியிருந்தால் சிவப்புப் பேனை வெளியே வந்திருக்கும். பாட்டியிடம் மட்டும் திருத்தவில்லை.

இடையில் ஓர் அதிசயம் நடந்தது. எதையும் செய்வதற்கு முன் கேட்கிற ஒரு பெரிய சேர் மாற்றலாகி வந்தார். கான் மேல் கடையா, முதலில் அறிவித்தல். மலைச்சரிவில் வீடா, முதலில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை. தகவல் கேட்டு விண்ணப்பமா, 14 வேலை நாட்களுக்குள் முடிவு. அந்த வருடம் சபைக்கு எதிராக ஒரு வழக்குக்கூட இல்லை. சட்ட உத்தியோகத்தர் சூடான பருப்புக்கறி சாப்பிட்டார். வருடாந்த அறிக்கையில் ‘வாதாடிய வழக்குகள்’ என்ற கட்டத்தில் பூச்சியம், ‘வென்ற வழக்குகள்’ என்ற கட்டத்திலும் பூச்சியம் என்று பெருமையோடு எழுதினார்.

அடுத்த மாதமே கணக்காய்வு வினா வந்தது: “வழக்குகள் எவையும் இல்லாத நிலையில் மேற்படி பதவிக்கான தேவை யாது?”

பதில் எழுதக் கறுப்புப் பேனையைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். இப்படியே ஒரு வாரம் போனது. அதற்குள் கேட்டுச் செய்கிற பெரிய சேருக்கு இடமாற்றம் வந்தது. புதியவர் பொறுப்பேற்ற மூன்றாம் நாள், பெக்கோவுக்கு டீசல் அடிக்கச் சொன்னார்.

கணக்காய்வுக்குப் பதில் அன்று மாலையே போனது: “மேற்படி பதவிக்கான தேவை தற்போது எழுந்துள்ளது.”