ஒரு முழம் காதல், எத்தனை முழம் சிருங்காரம்?

இந்த வாரக் கேள்விகள் எல்லாம் சரித்திரக் காதல் கதை எழுதும் வாசகர்களிடமிருந்து.

வாசகர், ஜெலுத்தோங்: சரித்திர நாவலில் காதல் எவ்வளவு, சிருங்காரம் எவ்வளவு இருக்கலாம்?

அளவைக் கேட்காதீர்கள், வேலையைக் கேளுங்கள். அந்த நெருக்கமான காட்சியைக் கிழித்து எடுத்துவிட்டு அடுத்த அத்தியாயத்தைப் படித்துப் பாருங்கள். ஒரு குறையும் தெரியாவிட்டால் கிழித்ததே சரி. அந்த ஓர் இரவால் அவள் பொய் சொல்ல நேர்ந்தது, அவன் கப்பலைத் தவறவிட்டான் என்று கதை திரும்புகிறதா? எத்தனை பக்கம் வேண்டுமானாலும் எழுதுங்கள்.

வாசகி, ஆயர் ஈத்தாம்: கல்கியா, சாண்டில்யனா? யாரைப் பின்பற்றலாம்?

இருவரிடமும் படிக்கலாம், ஒருவரையும் பின்பற்ற வேண்டாம். சாண்டில்யன் 'கடல் புறா'வைப் பினாங்கில் இருக்கும் நமக்கு எதிர்க்கரையான கடாரத்துக்கே ஓட்டிவந்தவர். வானம் தெளிந்த காலையில் எஸ்பிளனேடு கடற்சுவர் ஓரம் நின்று கடாரத்து ஜெராய் மலையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கதைதான் நினைவுக்கு வரும். கடலை அவரைப் போல் எழுத ஆள் இல்லை. ஆனால் அணைப்பு என்று வந்துவிட்டால் அந்தக் கதையின் நாயகியரான காஞ்சனாதேவிக்கும் மஞ்சளழகிக்கும் வித்தியாசம் மங்கிவிடுகிறது, உடல் மட்டும் மிஞ்சுகிறது. கல்கி 'சிவகாமியின் சபத'த்தில் சிவகாமியையும் மாமல்லனையும் சேர்த்துவைக்கவே இல்லை. அவள் ஏகாம்பரநாதருக்குத் தன்னை ஒப்புக்கொடுக்கிறாள். புத்தகத்தை மூடிய பிறகும் நெஞ்சு வலிப்பது அதனால்தான். அவருடைய பெண்களை, பெயரை மறைத்துவிட்டுப் பேச்சை மட்டும் படித்தாலே யார் யார் என்று சொல்லிவிடலாம்.

வாசகி, பட்டர்வொர்த்: சிருங்காரம் எழுதினால், "இதுதான் தமிழ்ப் பண்பாடா?" என்று வீட்டில் கேட்கிறார்களே?

வள்ளுவர் 1330 குறளில் 250-ஐக் காமத்துப்பாலுக்கு ஒதுக்கினார் என்று சொல்லுங்கள். கலிங்கத்துப்பரணியில் செயங்கொண்டார் போர்க்களம் போகும் முன்பே, கடைதிறப்பில் பெண்களின் ஊடலையும் கூடலையும் பாடிவிடுகிறார். தஞ்சை மராட்டிய அரசவையில் முத்துப்பழனி தெலுங்கில் 'ராதிகா சாந்தவனம்' எழுதினார். அதை 1910-இல் பெங்களூர் நாகரத்தினம்மாள் அச்சில் கொண்டுவந்தார். மறு ஆண்டே ஆங்கில அரசு தடை போட்டது. எழுதியவரும் பெண், அச்சேற்றியவரும் பெண். வெட்கப்பட அதில் ஒன்றுமில்லை என்று இரண்டு பேருமே சாதித்தார்கள். நீங்களும் எழுதுங்கள்.

வாசகர், புக்கிட் மெர்தாஜம்: பினாங்குக்கு நாடு கடத்தப்பட்ட சின்ன மருதுவின் மகன் துரைசாமியை நாயகனாக்கிக் காதல் கதை எழுதலாமா?

இந்தத் தீவில் எழுதப்படாமல் கிடக்கும் மிகப் பெரிய கதையைத் தொட்டிருக்கிறீர்கள். 1801 அக்டோபரில் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். அடுத்த ஆண்டே துரைசாமியையும் எழுபதுக்கு மேற்பட்ட போராளிகளையும் தூத்துக்குடியில் கப்பல் ஏற்றி இங்கே கொண்டுவந்தார்கள். 1818-இல் ஆங்கிலேயப் படையின் கர்னல் வெல்ஷ் துரைசாமியை இங்கே சந்தித்து எழுதிவைத்திருக்கிறார். சின்ன மருதுவிடமே வேலெறியவும் வளரி வீசவும் கற்றவர் அந்த வெல்ஷ்.

ஆனால் துரைசாமியைக் கட்டிலில் கிடத்தாதீர்கள். அகப்பாட்டில் தலைவனுக்கும் தலைவிக்கும் பெயர் சுட்டக் கூடாது என்பது தொல்காப்பியம் சொல்லும் மரபு. சரித்திர நாவலுக்கும் அது பொருந்தும் என்பது என் எண்ணம். ஏட்டில் பெயர் உள்ளவரைப் போருக்கும் சிறைக்கும் வையுங்கள், பெயர் தெரியாதவருக்குக் காதலைக் கொடுங்கள். அந்தக் கப்பலில் வந்த, நீங்களே படைக்கும் ஒரு வீரன் இருக்கட்டும். சிவகங்கைச் சீமையில் அவன் மனைவி இருக்கிறாள். புருஷன் உயிரோடு இருக்கிறானா என்று சொல்ல ஒரு ஆள் இல்லை. அவள் பூ வைக்கலாமா, கூடாதா? தாலியை என்ன செய்வாள்? பகலெல்லாம் மண் வெட்டிய கையோடு இங்கே படுப்பவனுக்கு, அவள் முதுகில் ஈரக் கூந்தல் படிந்திருந்த ஒரு காலைப்பொழுது நினைவுக்கு வருகிறது. அதை எழுதுங்கள், தயங்காமல் எழுதுங்கள். நெய்தல் திணைக்கு இதைவிட என்ன வேண்டும்? அருகில் இல்லாத உடம்பைப் பற்றி எழுதும்போது சிருங்காரமும் காதலும் தனித்தனியாக நிற்பதில்லை.

வாசகி, பாயான் லெப்பாஸ்: கொடியிடை, மான்விழி இல்லாமல் எப்படி வருணிப்பது?

லிட்டில் இந்தியாவில் பூக்கட்டும் அம்மாக்களைப் பாருங்கள். முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை சரத்தைப் பிடித்து முழம் போடுவார்கள். உங்கள் நாயகி அப்படிப் பூ விற்பவள் என்று வையுங்கள். அவன் வாங்கும் நாளில் மட்டும் அவள் முழம் ஒரு சாண் நீளுகிறது. நீட்டும்போது ஈர வாழைநார் அவன் விரலில் ஒட்டிக்கொள்கிறது. இடையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, படிப்பவருக்குப் புரிந்துவிடும்.

இன்னொன்று. "தீக்குச்சியை உரசி அவள் முகத்தைப் பார்த்தான்" என்று 1802-இல் நடக்கும் கதையில் எழுதாதீர்கள். உரசும் தீக்குச்சி வந்ததே 1826-இல். அவனுக்கு இருட்டுதான். மூச்சை வைத்து, வளையல் சத்தத்தை வைத்து அவளைத் தெரிந்துகொள்ளட்டும். காலத்தைச் சரியாக எழுதினாலே காட்சி சூடேறும்.

வாசகர், சுங்கை டுவா: அடிமைப் பெண்ணை எசமான் பலவந்தப்படுத்துகிறான், பிறகு அவளே அவனை நேசிக்கிறாள் என்று முடித்திருக்கிறேன். சரியா?

தவறு. "மாட்டேன்" என்று சொல்ல முடியாதவளின் மௌனத்தைச் சம்மதம் என்று எழுதாதீர்கள். 'அந்தக் காலம் அப்படி' என்பது சமாதானம் ஆகாது. அவளுக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டு, அவள் போகிறாளா, திரும்பி வருகிறாளா என்று பாருங்கள். அங்கிருந்து எழுதினால்தான் அது காதல் கதை.

வாசகி, தஞ்சோங் பூங்கா: துரைசாமி காலத்துப் பினாங்கை எழுத ஆசை. எங்கிருந்து தொடங்குவது?

சூலியா தெருவிலிருந்து. ஒரு மாலை அஞ்சடி நடைபாதை வழியாகவே நடந்து, கையில் நோட்டோடு, எது எந்த ஆண்டில் எழுந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலின் தொடக்கம் 1801. குயின் தெரு மகாமாரியம்மன் கோயில் கோயிலாக எழுந்தது 1833-இல். உங்கள் நாயகியை 1802-இல் அந்தக் கோபுரத்தடியில் காத்திருக்க வைக்காதீர்கள்.