பனாபாவும் தடாகமும்

கே: பசிபிக் கடலில் சுரங்கத்துக்காக ஒரு தீவையே காலி பண்ணினாங்களாமே? நம்ம பக்கம் அப்படி உண்டுங்களா? (வாசகர், பொள்ளாச்சி)

ப: அது பனாபா. 1900 முதல் பாஸ்பேட்டைச் சுரண்டிய பிரிட்டிஷார், 1945 டிசம்பர் 15-ல் மக்களை ஃபிஜியின் ராபி தீவில் இறக்கிவிட்டார்கள். ராபியை வாங்கியதும் அந்த மக்களின் ராயல்டிப் பணத்தில்தான்! பிரிட்டிஷ் சிக்கனம் என்றால் இதுதான். அந்தக் கதையை ராபியில் இன்றும் ஆடிக் காட்டுகிறார்கள்.

நமக்கு நெய்வேலி இருக்கிறது. பழுப்பு நிலக்கரிக்காக 1950-களிலிருந்தே ஊர்கள் காலி. 2023 ஜூலையில் வளையமாதேவியில், அந்தச் சுரங்கத்துக்காகக் கால்வாய் வெட்டப் பச்சை நெல்லுக்குள்ளேயே பொக்லைனை இறக்கினார்கள். கோவையின் தடாகம் பள்ளத்தாக்கில் செங்கல் சூளைக்குச் செம்மண் தோண்டியதில் தடம் இழந்தது யானை. 2021-ல் சூளைகள் மூடப்பட்டன, பள்ளங்கள் அப்படியே. யானைக்கு ராயல்டியும் இல்லை, ராபியும் இல்லைங்க.