பையே முதற்பொருள்: தொடக்கநிலைக் கேமராக்காரரின் லென்ஸ் தேர்வு குறித்து ஓர் ஆய்வு

கேமரா வாங்கியவர் தமக்கு வேண்டிய லென்ஸ்களைத் தேர்ந்தெடுக்கிறார்; பிறகு அந்த லென்ஸ்கள் கொள்ளுமாறு ஒரு பை வாங்குகிறார். இதுவே இந்தத் துறையில் எல்லோரும் ஐயமின்றி நம்பிவரும் கொள்கை. இது பிழை. நடப்பது தலைகீழ். பைதான் முதலில் வருகிறது. பையின் அறைகள் லென்ஸ்களை வரவழைக்கின்றன. வந்துசேர்ந்த லென்ஸ் எதற்கு என்ற காரணம் கடைசியில், பெரும்பாலும் வீட்டில் கணக்குக் கேட்கப்படும் வேளையில், கண்டுபிடிக்கப்படுகிறது. இதை இக்கட்டுரை 'காலி அறை விதி' என்று அழைக்கும். ஆய்வுக்கு எல்லை வேண்டும் ஆதலால், கலியாண மண்டபங்களில் பிழைப்பு நடத்தும் தொழில்முறைக்காரர்களை விட்டுவிடுவோம். அவர்கள் எடை தூக்கக் கூலி பெறுகிறவர்கள். கேனன் இஓஎஸ் 1500டி, நைக்கான் டி3500 இவற்றுள் ஒன்றைக் கழுத்தில் மாட்டியிருக்கும் தொடக்கநிலைக்காரர் மட்டும் போதும். இரண்டும் 2018இல் வந்தவை. மிரர்லெஸ் கேமராக்கள் பரவியபின் இவை செகண்ட் ஹேண்டில், பழைய உரிமையாளரின் பையோடும் அவர் ஆசைகளோடும் சேர்ந்தே கைமாறுகின்றன. விதிக்கு இதைவிட நல்ல விளைநிலம் இல்லை.

முதற்சான்று பையின் உடற்கூறு. நடுவில் கேமராவுக்கும் அதில் மாட்டிய 18-55 கிட் லென்ஸுக்கும் இடம். இருபுறமும் ஒட்டி எடுக்கும் வெல்குரோ தடுப்புகள். 'உங்கள் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்' என்பது தயாரிப்பாளர் வாக்கு. அந்தத் தேவை இன்னும் பிறக்கவில்லை என்பதற்கு அந்த வாக்கே ஒப்புதல். நம் வீட்டுப் பரணை உற்றுநோக்கியவர்கள் இதன் மறுபாதியை அறிவார்கள்: பரணில் இடம் இருக்கும்வரை எந்தப் பொருளும் வேண்டாத பொருளாவதில்லை. பரணும் கேமராப் பையும் ஒரே சூத்திரத்தால் ஆளப்படுகின்றன. 'எதுக்கும் இருக்கட்டும்' என்பதே அது. இரண்டே சொல்லாலான இதற்கு உரை காண்போம். 'எதுக்கும்' என்பது எதற்கென்று தெரியாமையைக் குறித்தது, உம்மை முற்றும்மை. 'இருக்கட்டும்' என்பது வியங்கோள். வாழ்த்தும் வைதலும் வேண்டலும் வியங்கோளின் பொருள்கள் என்பர். லென்ஸ் வாங்குவதும் அவற்றோடு சேர்க்கத்தக்கது. இனி எடை. 1500டி பேட்டரியும் மெமரி கார்டும் சேர்ந்து 475 கிராம். கிட் லென்ஸ் 200. இதுவரை முக்கால் கிலோ கூட இல்லை. வலப்புற அறை 55-250 ஜூமை அழைக்கிறது: 390. இடப்புற அறை 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸை அழைக்கிறது: 160. பிறகு ஃப்ளாஷ், சார்ஜர், துடைக்கும் துணி, ஊதும் ரப்பர் பந்து. பையின் அடியில் டிரைபாட் தொங்கவிடுவதற்கென்றே இரண்டு வார்கள் உண்டு. அவை சும்மா தொங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்க எந்த மனிதருக்கும் மனம் வராது.

எதைக்கொண்டு லென்ஸைத் தேர வேண்டும் என்பதைத் தொல்காப்பியர் எப்போதோ தீர்த்துவைத்துவிட்டார். அவர் முதற்பொருள் என்றது இரண்டை: நிலம், பொழுது. லென்ஸின் கழுத்தில் பொறித்திருக்கும் இரண்டு எண்களும் இவையே. மி.மீ. என்பது நிலம்: படம் எடுப்பவருக்கும் எடுக்கப்படுபவருக்கும் இடையே எவ்வளவு தூரம் கிடைக்கும் என்ற கேள்வி. எஃப் எண் என்பது பொழுது: அங்கே எவ்வளவு வெளிச்சம் இருக்கும் என்ற கேள்வி. பை இவ்விரண்டிலும் வராது. பையை முதற்பொருளாக்கியது பிற்காலத்து இடைச்செருகல்.

நிலத்தை எடுத்துக்கொள்வோம். 'முதலில் ஒரு ஃபிஃப்டி வாங்கிவிடு' என்பது இத்துறையில் குரு சீடனுக்குச் சொல்லும் மந்திரம். ஆன்றி கார்த்தியே பிரெஸ்ஸோன் வாழ்நாளின் பெரும்பகுதிப் படங்களை 50 மி.மீ. லென்ஸில்தான் எடுத்தார் என்பதும் உண்மை. ஆனால் அவருடைய லைக்காவில் இருந்தது 36க்கு 24 மி.மீ. ஃபிலிம், 1500டியின் சென்சார் 22.3க்கு 14.9. எனவே இங்கே 50 என்பது அவருடைய 80 போல நடந்துகொள்ளும். இதன் விளைவை வீட்டு அளவில் பார்க்கலாம். 1.7 மீட்டர் உயரமுள்ள ஒருவரை, கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து, தலை முதல் கால் வரை எடுக்க 50 மி.மீ. லென்ஸுக்கு வேண்டிய தூரம் ஏறத்தாழ 3.8 மீட்டர், அதாவது பன்னிரண்டரை அடி. நம் வீடுகளில் அறை என்று சொல்லப்படுவது பத்துக்குப் பன்னிரண்டு. நிற்பவர் ஒரு சுவரில் முதுகைச் சாய்த்தாலும் எடுப்பவர் எதிர்ச்சுவரை அரை அடி துளைத்தாக வேண்டும். பிரெஸ்ஸோனுக்குப் பாரிஸின் தெரு இருந்தது. நமக்குப் பீரோவும் கட்டிலும் இருக்கின்றன. அதே ஆளை 24 மி.மீ. லென்ஸ் ஆறடியில் அடக்கிவிடும். நைக்கானின் 35 மி.மீ., சற்றே பெரிய சென்சாரில், எட்டே கால் அடி கேட்கும். இந்த மூன்று எண்களும் பெருக்கல், வகுத்தல் தெரிந்த எவரும் சரிபார்க்கத்தக்கவை. ஆயினும் எந்தப் பையின் மீதும் அச்சிடப்படுவதில்லை.

இனிப் பொழுது. கிட் லென்ஸை 55 வரை இழுத்தால் அதன் திறப்பு எஃப் 5.6ஆகச் சுருங்கும். எஃப் 1.8 அதைவிட ஏறத்தாழப் பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். டியூப் லைட்டின் கீழே ஒன்றுக்கு நொடியில் பத்தில் ஒரு பங்கு வேண்டுமென்றால் மற்றொன்றுக்கு நூறில் ஒரு பங்கு போதும். அந்த இடைவெளியில் ஒரு கைக்குழந்தை மூன்று முறை முகம் திருப்பிவிடும். 'என் லென்ஸில் ஐஎஸ் இருக்கிறதே, ஆடாமல் எடுக்குமே' என்பர் எதிர்வாதம் பேசும் முற்பக்கத்தார். ஐஎஸ் தடுப்பது எடுப்பவர் கை நடுக்கத்தை. குழந்தையின் ஆட்டத்தை நிறுத்தும் கருவி இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. இந்த இடத்தில் கேனன்காரருக்குச் சிறு அநீதி நடந்திருப்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். அவருடைய 24 மி.மீ. எஃப் 2.8 வரைதான் திறக்கும்; அதே 24இல் நிற்கும் கிட் லென்ஸோடு ஒப்பிட்டால் கிடைப்பது சுமார் இரண்டு மடங்கு வெளிச்சமே. நைக்கான்காரரின் 35 எஃப் 1.8க்கு ஆறு மடங்குக்குக் குறையாத ஆதாயம். அவருக்கு வேறோர் இடத்தில் கண்ணி இருக்கிறது: டி3500இன் உடலுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. மலிவென்று 50 எஃப் 1.8 'டி' லென்ஸை வாங்கி மாட்டினால் அது தானாக ஃபோகஸ் செய்யாது, கையால்தான் திருக வேண்டும். பெட்டியில் 'ஏஎஃப்-எஸ்' என்று போட்டிருக்கிறதா என்று பார்ப்பது மூன்று எழுத்து படிக்கும் வேலை. (கடையில் கேமராவோடு சேர்த்து நீட்டப்படும் யுவி ஃபில்டருக்கு இவ்வளவு ஆராய்ச்சி வேண்டாம். அது ஃபிலிம் காலத்துத் தேவை. டிஜிட்டல் சென்சாருக்கு முன்னால் அந்தக் கதிர்களைத் தடுக்கும் கண்ணாடி ஏற்கெனவே இருக்கிறது.)

வலுவான தடை ஒன்று உண்டு. லென்ஸைக் கழற்றி மாட்டலாம் என்பதற்காகத்தானே இந்தக் கேமரா? ஒன்றோடு வெளியே போ என்றால் கைபேசியே போதுமே? கழற்றி மாட்டலாம் என்பது உண்மைதான். எங்கே கழற்றுவது என்பதே கேள்வி. மெரினாவில் உப்புக் காற்றும் மணலும் வீசும்போது, ஒரு கையில் கேமரா, மறு கையில் லென்ஸ், வாயில் மூடி என நின்று மாற்றுகிறவர் சென்சாருக்குத் தூசி விருந்து வைக்கிறார். மாற்ற வேண்டிய இடம் வீடு. மின்விசிறியை நிறுத்திவிட்டு, கேமராவின் வாய் கீழ்நோக்கி இருக்க, புறப்படுவதற்கு முன் மாற்ற வேண்டும். லென்ஸ் தேர்வு என்பது வாசலைத் தாண்டுமுன் முடிந்துவிட்ட காரியம். முடிந்துவிட்டால் மற்ற அறைகளுக்கு என்ன வேலை?

வரலாற்றுச் சான்றை முற்பக்கத்தார் பெரிதும் விரும்புவர். 1855இல் கிரீமியப் போருக்குப் போன ரோஜர் ஃபென்டன் ஐந்து கேமராக்கள், 700 கண்ணாடித் தகடுகள், 36 பெட்டிகள் கொண்டுபோனார். மது வணிகர் ஒருவரின் வண்டியை வாங்கி அதையே இருட்டறையாக மாற்றினார். பெரியவர்களே அப்படிச் சுமந்தார்கள் என்று இதைக் காட்டுவர். ஃபென்டனின் சுமைக்குக் காரணம் வேதியியல். அவர் காலத்து ஈரத் தகட்டைக் காய்வதற்குள் கழுவியாக வேண்டும். ஆகவே இருட்டறை கூடவே வந்தாக வேண்டும். நம்முடைய சுமைக்குக் காரணம் வெல்குரோ. நம் ஊருக்கே வந்த லினேயஸ் டிரைப் இன்னும் தெளிவான சாட்சி. சென்னை மாகாண அரசின் படப்பிடிப்பாளராயிருந்த இந்தப் படை அதிகாரி மதுரை, தஞ்சாவூர் வழியாகப் போனதும் மாட்டுவண்டிகளோடுதான். 1858இல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டை முழுதாகக் காட்ட விரும்பினார். அகன்ற லென்ஸ் ஒன்று இருந்தால் ஆகுமே என்று அவர் ஏங்கியிருக்கலாம், செய்தது வேறு. சுவரை ஒட்டி நகர்ந்து நகர்ந்து எடுத்து, 21 படங்களை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளச் சுருளாக்கினார். அவர் பயன்படுத்திய துணைக்கருவி கால். இன்றோ அதே கோயிலின் முற்றத்தில் நின்று, விமானம் அடங்கவில்லை, 10-18 வாங்கியாக வேண்டும் என்கிறார்கள். விமானத்தின் உயரம் 66 மீட்டர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. நாற்பது மீட்டர் பின்வாங்கி, கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து அண்ணாந்தால் கிட் லென்ஸின் 18 மி.மீ. அதை உச்சிக் கலசத்தோடு அடக்கும். அவ்வளவு பின்வாங்க அந்த முற்றத்தில் இடம் உண்டு. பத்துக்குப் பன்னிரண்டு அறையில் கால் உதவாது, அங்கே லென்ஸ் வேண்டும். ராஜராஜன் தாராளமாக இடம் விட்டுக் கட்டிய முற்றத்தில் லென்ஸ் வேண்டாம், கால் வேண்டும்.

பறவைக்காரர்களுக்கு விலக்கு உண்டு. வேடந்தாங்கலில் ஏரிக்குள் நடந்துபோய் நாரையிடம் நெருங்க முடியாது. ஒரு மீட்டர் உயரமுள்ள சங்குவளை நாரை 50 மீட்டர் தூரத்தில் நின்றால், 250 மி.மீ. லென்ஸ் அதைச் சென்சாரில் 5 மி.மீ. உயரத்துக்குக் கொண்டுவரும், படத்தின் மூன்றில் ஒரு பங்கு. போதும். அதே தூரத்தில் ஒரு சிட்டுக்குருவி ஒரு மில்லிமீட்டர் கூடத் தேறாது. அதைப் படத்தில் அம்புக்குறி போட்டுக் காட்ட வேண்டியிருக்கும். ஆனால் இந்த விலக்கிலும் ஒரு லென்ஸ் போதும் என்ற முடிவு தோற்கவில்லை. நாரைக்குப் போகிறவருக்கு வேண்டியது 55-250 ஒன்றே. அன்றைக்கு 18-55க்கு வேலை, திரும்பும் வழியில் இளநீர்க் கடையைப் படமெடுப்பது மட்டும்.

'கூட ஒன்று இருந்தால் என்ன நஷ்டம்?' என்ற கடைசித் தடைக்கு விடை சொல்லத் தகுந்தது பூஞ்சை. கடலோர ஊர்களில் வசிக்கும் லென்ஸ்களுக்கு இது குலநோய். பூஞ்சைக்குப் பிடித்தவை இருட்டு, ஈரம், அசையாக் காற்று. தடித்த பஞ்சுத் தடுப்பு வைத்து, ஜிப் போட்டு, அலமாரிக்குள் தள்ளப்பட்ட கேமராப் பை இந்த மூன்றையும் ஒருங்கே தருகிறது. அடிக்கடி எடுக்கப்படும் லென்ஸ் வெளிச்சத்தையும் காற்றையும் பார்த்துத் தப்பிக்கிறது. 'எதுக்கும் இருக்கட்டும்' என்று வைக்கப்பட்டதுதான் உள்ளுக்குள் வெண்ணிறச் சிலந்திவலை பின்னிக்கொள்கிறது. ஆக, லென்ஸைப் பாதுகாக்கும் இடம் என்ற தகுதியும் பைக்கு இல்லை. இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பா, அதில் சிலிக்கா ஜெல், ஈரப்பதம் நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் நடுவே இருக்கிறதா என்று காட்டும் சிறு மீட்டர். நீல ஜெல் ரோஸ் நிறமானால் சூடாக்கி உலர்த்தி மறுபடி போடலாம். அரிசிக்குள் புதைக்கும் கைவைத்தியம் வேண்டாம். அரிசி மாவுத்தூளை விடும்.

அப்படியானால் கேமராவை எதில் எடுத்துப்போவது? ஒரு கேமரா, அதில் மாட்டிய ஒரு லென்ஸ், முக்கால் கிலோவுக்குச் சற்று முன்பின். இதற்குத் தோளில் குறுக்காகப் போடும் சின்னப் பை மிகையில்லை. முதுகுப் பையாயின், நின்று, இறக்கி, தரையில் வைத்து, ஜிப்பைச் சுற்றிலும் திறந்து கேமராவை எடுப்பதற்குள் நாரை கூட்டுக்குப் போய்விடும். இதனினும் சிறந்தது ஒன்று நம்மிடமே உண்டு. 2021 டிசம்பரில் அரசே இயக்கமாக மீட்டெடுத்த மஞ்சப்பை. ஒரு கதர்த் துண்டில் சுருட்டிய கேமராவை அதில் வைத்தால் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் தாம்பூலமும் தேங்காயும் என்றே நினைப்பார். கம்பெனிப் பெயரைப் பெரிய எழுத்தில் சுமக்கும் வார், உள்ளே இருப்பதன் விலையை ஊருக்கு அறிவிக்கிறது. மஞ்சப்பை அதிகம் போனால் ஒரு ஜவுளிக்கடையின் பெயரைத்தான் சொல்லும். அடிபடாதா எனின், துண்டு இரண்டு மடிப்பு கூடுதலாக இருக்கட்டும். தடுப்புகள் இல்லையே எனின், அதுவே அதன் தலையாய சிறப்பு: மஞ்சப்பையில் காலி அறை கிடையாது.

வாசகர் கடைக்குப் புறப்படுமுன் தம் வீட்டுக் கூடத்தை நாடா வைத்து அளந்துகொள்க. பன்னிரண்டரை அடிக்குக் குறைந்தால் ஐம்பதை மறந்துவிடுக. கேனனுக்கு 24, நைக்கானுக்கு 35. இலவசம் என்று ஒரு பை நீட்டப்படும். அது கடையிலேயே இருக்கட்டும்.