ஊசிக்கும் காசில்லை, ஊசி போடாவிட்டாலும் காசில்லை

ஒன்ராறியோவில் மனிதருக்கு நோய் வந்தால் ஓஹிப் என்ற அரச மருத்துவக் காப்புறுதி அட்டை இருக்கிறது; நாய்க்கு வந்தால் நாய் வளர்ப்பவரின் கடனட்டைதான். இந்த மாகாணத்தின் பார்க்டேல் பகுதியில் ஜேம்சன் அவனியூ அடுக்குமாடிகளில் வாடகைக்கு இருப்பவர்கள் நாய் வளர்க்கச் சட்டம் தாராளமாகவே இடம் தருகிறது. செல்லப்பிராணி கூடாது என்று வீட்டுக்காரர் ஒப்பந்தத்தில் எழுதினாலும் 2006ஆம் ஆண்டின் வாடகைச் சட்டப்படி அந்த வரி செல்லாது. ஆனால் மிருக வைத்தியரின் பில்லைச் செல்லாததாக்க ஒரு சட்டமும் இல்லை. அதன்மேல் 13 வீத விற்பனை வரி வேறு. ஆகவே காப்புறுதி எடுக்கிறார்கள். எடுத்த கையோடு புலம்பலும் தொடங்குகிறது: "மாதாமாதம் கட்டுறன், ஊசிக்கு ஒரு சதம் தாறானில்லை. ஊசி போடாமல் விட்டு நாய்க்கு வருத்தம் வந்தால் அதுக்கும் தரமாட்டானாம்!" இந்த வழக்கில் நியாயம் பெரும்பாலும் கம்பனியின் பக்கம் இருக்கிறது என்பது என் கட்சி. காப்புறுதிக் கம்பனிக்காக வாதாடுவது எனக்கும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

காப்புறுதி விற்பது எதிர்பாராததற்கு. தடுப்பூசியோ நாள் குறித்து வருவது: குட்டிக்குச் சில வாரங்களுக்கு ஒன்றாகச் சில ஊசிகள், ஒரு வருடம் கழித்து ஒன்று, பிறகு பார்வோ, டிஸ்டெம்பருக்குப் பொதுவாக மூன்று வருடத்துக்கு ஒருமுறை. வரும் என்று தெரிந்த செலவைக் கம்பனி ஏற்றால் அதை மாதக் கட்டணத்தில் ஏற்றி நம்மிடமே வாங்கிக்கொள்ளும். மறுபக்கம், வைத்தியர் சொல்லியும் ஊசி போடாமல் விட்டு, அந்த ஊசி தடுத்திருக்கக்கூடிய நோய் வந்தால் பணமில்லை என்று பல காப்புறுதிப் பத்திரங்களில் ஒரு நிபந்தனை இருக்கும். சில பத்திரங்கள் வருடாந்தப் பரிசோதனையையும் பல் பரிசோதனையையும்கூடக் கேட்கின்றன. இது கனடாக்காரரின் குசும்பு என்று நினைக்க வேண்டாம். தமிழ்நாட்டில் மாட்டுக்குக் காப்புறுதி எடுத்தவரைக் கேளுங்கள்: கால்நடை மருத்துவர் சான்று தரவேண்டும், காதில் வில்லை இருக்கவேண்டும், வில்லை இல்லையேல் இழப்பீடு இல்லை. நாய்க் காப்புறுதியே மாட்டுக் காப்புறுதியின் பிள்ளைதான். 1890இல் சுவீடனில் குதிரைக்கும் மாட்டுக்கும் தொடங்கியது 1924இல் நாய்க்கு வந்து சேர்ந்தது.

"பதினாறாம் மாடியில் இருக்கிற பூனைக்கு எதுக்கு ஊசி?" என்பார்கள். மூன்று மாதம் கடந்த நாய், பூனை, ஃபெரெட் எல்லாவற்றுக்கும் விசர்நோய்த் தடுப்பூசி கட்டாயம் என்கிறது ஒன்ராறியோவின் 567/90 ஒழுங்குவிதி. மாடிக் கணக்கு அதில் இல்லை. வௌவாலுக்கும் மாடிக் கணக்கு கிடையாது, விசர்நோயை அது சுமந்து வரக்கூடும். கீழே குப்பைத் தொட்டியருகே ரக்கூன். பத்து வருடமளவில் மாகாணத்தில் தலைகாட்டாதிருந்த ரக்கூன் விசர்நோய் 2015 டிசம்பரில் ஹமில்டனில் திரும்பி வந்தது. எலியும் ரக்கூனும் சிறுநீரால் தேங்கிய தண்ணீரில் லெப்டோஸ்பைரோசிஸ் கிருமியை விட்டுப்போகும். நகரத்து நாய், கிராமத்து நாய் என்று பாராமல் எல்லா நாய்க்கும் அதற்கு வருடாந்த ஊசி போடச் சொல்லி அமெரிக்க மிருக உள்மருத்துவ வல்லுநர்கள் 2023இல் பரிந்துரைத்தார்கள். இதில் எரிச்சல் தருவது ஒன்றுதான். ரக்கூனுக்கு மாகாண அரசு தடுப்பு மருந்தை ருசியான உருண்டைக்குள் வைத்து, விமானத்திலிருந்துகூடப் போடுகிறது, இலவசமாக. வரி கட்டுகிறவருடைய நாய்தான் ஊசிக்கும் காசு கட்டி, அதற்கு வரியும் கட்டவேண்டும்.

வலுவான ஆட்சேபணை வேறு. பணம் கேட்டு விண்ணப்பித்தால் கம்பனி நாயின் முழு மருத்துவக் குறிப்பையும் வாங்கிப் படிக்கும். ஊசி போடப் போன அன்று வைத்தியர் போகிற போக்கில் "இடது காது சற்றுச் சிவந்திருக்கிறது" என்று எழுதியிருந்தால், காப்புறுதிக்கு முன்பே இருந்த நோய் என்று அந்தக் காது பத்திரத்திலிருந்து விலக்கப்படலாம். சில வேளை வலது காதும் கூடவே போய்விடும். ஆகவே பத்திரம் கைக்கு வரும்வரை வைத்தியர் பக்கமே போகாதிருப்பதுதான் புத்தி என்று ஒரு கூட்டம் சொல்கிறது. கெட்டித்தனமாகத் தெரிந்தாலும் கணக்கு தப்பு. குறிப்பு இல்லாவிட்டால் நோய் இல்லையென்று ஆகாது. பத்திரம் தொடங்கியதும் நோய்க்கென்று ஒரு காத்திருப்புக் காலம் உண்டு, அதற்குள் தெரியவரும் குறையும் விலக்கில்தான் சேரும். இடையில் ஊசி தவறினால் மேலே சொன்ன நிபந்தனை காத்திருக்கிறது. மாற்றவேண்டியது வரிசையை: குட்டி வீட்டுக்கு வந்தவுடன் காப்புறுதி, பிறகு ஊசி தவறாமல். வளர்ந்த நாயென்றால், காது சுகமான அன்றே "குணமாகிவிட்டது" என்று குறிப்பில் எழுதச் சொல்லிக் கேட்கலாம். குணமான நோய் குறிப்பிட்ட காலம் திரும்பாவிட்டால் விலக்கை நீக்கும் கம்பனிகளும் உண்டு. எவ்வளவு காலம் என்பதை எழுத்தில் வாங்கவேண்டும், தொலைபேசியில் அல்ல.

ஊசிக்கும் பரிசோதனைக்கும் தனியாக ஒரு 'வெல்னெஸ்' இணைப்பு விற்கிறார்களே என்றால், விற்கிறார்கள்தான். அதில் வருட உச்சவரம்பு எவ்வளவு, அதற்காக நாம் கட்டுவது எவ்வளவு என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். இரண்டும் நெருங்கி வந்தால் அது காப்புறுதியே இல்லை, ஒருவரே கட்டி ஒருவரே எடுக்கிற சீட்டு. சீட்டுப் பிடிக்கிறவருக்கு மட்டும் ஒவ்வொரு மாதமும் கழிவு கிடைக்கும்.